ஒரு கையெழுத்துக்காக 29 ஆண்டுகள்



போன பதிவு நீளம் என்று என் சித்தப்பா மகன் குடும்பக் குரூப்பில் குறை சொல்லியிருந்தான். இது அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தபிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் மாரியட்டா என்ற ஊரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் உடனே கை தூக்குகிற பிள்ளை. இன்றைக்கு அவளுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். "சார், இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் யூத வெறுப்பு என்றால் என்ன என்று சட்டத்திலேயே வரையறை வைத்துவிட்டார்கள். அதை வைத்து என் மகளின் கல்லூரியில் பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. வெறுப்புக்கெல்லாம் சட்டத்தில் வரையறை எழுத முடியுமா சார்?" என்று கேட்டாள். அதோடு விட்டாளா? "நீங்கள்தானே சார் சொன்னீர்கள், மதத்தைப் பார்த்து அரசுப் பதவி தரக்கூடாது என்று அமெரிக்காவில் 1787-லேயே எழுதிவிட்டார்கள் என்று? அப்புறம் எதற்கு இப்போது தனிச் சட்டம்?"

சொன்னேன்தான். முப்பது வருடம் சொன்னேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதை எழுதியவர்களுக்கெல்லாம் ஐந்தும் போட்டேன். அமெரிக்க அரசியலமைப்பின் 6-வது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. எந்தப் பதவிக்கும் மதப் பரிசோதனை கூடாது. 1791-இல் வந்த முதல் திருத்தம், காங்கிரஸ் எந்த மதத்தையும் அரசு மதமாக்கிச் சட்டம் போடக்கூடாது என்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுமே அந்த நாளில் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தின. மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எழுதியும் வைத்திருந்தன. நான் சொன்னது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதி எனக்கே ஓய்வு பெற்றபிறகுதான் தெரியவந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஐந்து மதிப்பெண் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம், திருப்பிக் கேட்க மாட்டேன்.

மேரிலாந்து என்ற மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் நகரத்தை ஒட்டி இருக்கிறது, பால்டிமோர் துறைமுகம் அங்கேதான். அதைக் குடியேற்ற நாடாக நிறுவியவர்கள் கால்வெர்ட் குடும்பத்தார், கத்தோலிக்கர்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்குப் பதவி இல்லை, நிம்மதியும் இல்லை. அடிபட்டவர்கள் ஆனதால், தங்கள் நாட்டில் மதச் சண்டை வேண்டாம் என்று 1649-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பாடப்புத்தகங்கள் அதைச் சகிப்புச் சட்டம் என்று கொண்டாடும். உள்ளே போய்ப் படித்தால், இயேசு கிறிஸ்துவை நம்புகிற யாரையும் அவரவர் மத வழக்கத்துக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் இருக்கிறது. இயேசு கடவுளின் மகன் இல்லை என்று சொல்பவனுக்கு அதே சட்டத்தில் மரண தண்டனை!

வெறும் எழுத்தோடு அது நிற்கவில்லை. 1658-இல் ஜேக்கப் லும்ப்ரோசோ என்ற போர்ச்சுகீசிய யூத மருத்துவர் மேல் வழக்குப் போட்டார்கள். யாரோ கேட்ட கேள்விக்குத் தன் மத நம்பிக்கைப்படி பதில் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். நல்ல வேளையாக அப்போது இங்கிலாந்தில் ஆட்சி மாறியதையொட்டிப் பொது மன்னிப்பு அறிவித்தார்கள், மனிதர் தப்பினார். சகிப்புச் சட்டத்தின் கீழ் கழுத்துக்குக் கயிறு வரை போய்த் திரும்பிய ஆள் அவர்.

பிறகு காற்று மாறியது. மேரிலாந்தில் புராட்டஸ்டன்டுகள் கை ஓங்கியதும், தாங்கள் நிறுவிய நாட்டிலேயே கத்தோலிக்கர்கள் பதவி வகிக்க முடியாமல் போனது. சார்லஸ் கரோல் என்று ஒருவர், பெரும் பணக்காரர், பின்னால் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். கத்தோலிக்கர் என்பதால் அவருக்கே அதற்கு முன்பு சொந்த மண்ணில் பதவி கிடையாது.

அதனால் 1776-இல் சுதந்திர மேரிலாந்து தன் அரசியலமைப்பை எழுதியபோது, இந்தப் பழைய அநியாயத்தைச் சரிசெய்ய நினைத்தார்கள். அரசுப் பதவி ஏற்கிறவர் மாநிலத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி கூற வேண்டும். கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை உண்டு என்று அறிக்கையிட வேண்டும். இதற்கு மேல் எந்தப் பரிசோதனையும் கூடாது. புராட்டஸ்டன்ட் என்று எழுதாமல் கிறிஸ்தவர் என்று எழுதியதே அன்றைக்குப் பெரிய தாராளம். கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது. கதவைத் திறந்த அந்தச் சொல்லே இன்னொருவருக்குத் தாழ்ப்பாளாக விழுந்ததை எழுதியவர்கள் கவனித்தார்களா, கவனித்தும் போகட்டும் என்று விட்டார்களா, தெரியவில்லை. மாநிலத்தில் இருந்த யூதர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலருக்கு இது என்ன செய்தது என்று பாருங்கள். மாநிலச் சட்டமன்றத்துக்குப் போக முடியாது. நகராட்சி உறுப்பினராக முடியாது. வக்கீல் தொழில் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கும் அதே உறுதிமொழி. மாநிலப் படையில் அதிகாரியாக முடியாது. வியாபாரம் செய்யலாம், வரி கட்டலாம், போர் வந்தால் சாகலாம். 1814-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை மேல் குண்டு மழை பொழிந்தபோது உள்ளே இருந்து காத்தவர்களில் மெண்டிஸ் கோஹன் என்ற யூத இளைஞரும் ஒருவர். அமெரிக்க தேசிய கீதம் பிறந்தது அந்தக் குண்டு மழையைப் பார்த்துத்தான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கோஹன் பெயரை நான் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது.

பால்டிமோரில் சாலமன் எட்டிங் என்று ஒரு வணிகர். 1797-இல் அவரும் அவருடைய மாமனார் பர்னார்ட் கிராட்ஸும் இன்னும் சிலரும் சட்டமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். யூதர்கள் என்ற ஒரே காரணத்தால் குடிமக்களுக்குரிய பல உரிமைகள் எங்களுக்கு இல்லை, மற்றவர்களோடு சமமாக எங்களையும் வையுங்கள் என்று கேட்டார்கள். மனுவை ஆராய்ந்த குழு என்ன சொன்னது தெரியுமா? கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் கூட்டத்தொடர் முடியப்போகிறது, இப்போது எடுக்க நேரமில்லை. அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அதன்பிறகு 1804 வரை சில தடவை முயன்றார்கள். ஒவ்வொரு தடவையும் தோல்வி.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1801-இல் ஜனாதிபதி ஜெபர்சன், சாலமனின் அண்ணன் ரூபன் எட்டிங்கை மேரிலாந்துக்கான மத்திய அரசின் மார்ஷலாக நியமித்தார். மத்திய நீதிமன்றத்தின் உத்தரவுகளை அந்த மாநிலம் முழுக்க நிறைவேற்றுகிற பெரிய பதவி. 6-வது பிரிவு இருக்கிறதே, யாரும் தடுக்க முடியாது. அதே மனிதர் அதே மேரிலாந்தில் மாநில அரசின் கீழ் ஒரு சின்னப் பதவி ஏற்க வேண்டுமென்றால், கிறிஸ்தவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே மனிதர். எந்த அலுவலகத்து வாசல்படி ஏறுகிறார் என்பதைப் பொறுத்து அவர் முழுக் குடிமகனா அரைக் குடிமகனா என்பது மாறும். என் மாணவி கேட்டாளே, 1787-இல் எழுதியபிறகு தனிச் சட்டம் எதற்கு என்று, அதற்கு இந்த ரூபன் எட்டிங்தான் பதில்.

இனி வருகிறவர்தான் எனக்குப் பிடித்தவர். தாமஸ் கென்னடி. ஜான் கென்னடிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, கமென்டில் யாரும் கேட்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லியில் 1776-இல் பிறந்து, இளைஞராக அமெரிக்கா வந்தவர். மேற்கு மேரிலாந்தின் மலைப்பக்கம், வாஷிங்டன் கவுன்டி என்ற மாவட்டத்தில் ஹேகர்ஸ்டவுன் ஊர்க்காரர். கவிதை எழுதுவார். பக்தியுள்ள கிறிஸ்தவர். மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

1818-இல் அவர் சபையில் எழுந்து, யூதர்களுக்கும் மற்றவர்களைப் போலப் பதவி வகிக்கும் உரிமை வேண்டும், அதற்கு ஒரு குழு போடுங்கள் என்றார். இதில் விசேஷம், தன் மாவட்டத்தில் யூதர்களே இல்லை, உலகத்தில் ஒரு யூதரோடும் தனக்குப் பழக்கம் இல்லை, யாரும் தன்னைக் கேட்கச் சொல்லவும் இல்லை என்று அவரே சபையில் சொன்னார். நண்பனுக்காகப் பேசுவது எளிது. பார்த்தே இராத மனிதனுக்காக, அதுவும் அவனுடைய ஓட்டு ஒன்றுகூடத் தன் தொகுதியில் இல்லாதபோது, எதற்கு இந்த மனிதர் வம்பை விலைக்கு வாங்கினார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் சொன்ன காரணம் எளிமையானது. மனச்சாட்சி கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ள விஷயம். அதற்குள் அரசாங்கத்துக்கு வேலை இல்லை.

மாநிலம் முழுவதிலும் சேர்த்து யூதர்கள் சுமார் 150 பேர் என்று சபையில் கணக்கு வந்தது. 150 பேருக்காக அரசியலமைப்பைத் திருத்துவதா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். இன்றைக்கும் எங்கேயும் கேட்கிற கேள்விதான் அது. ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கும் நீதி செய்ய வேண்டும் என்பதுதான் கென்னடியின் நிலை. 1819 ஜனவரியில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 50. தோல்வி.

மனிதர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1822-இல் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. ஆனால் மேரிலாந்தில் அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் ஒரு தடவை நிறைவேற்றினால் போதாது. நடுவில் தேர்தல் நடந்து, புதிதாக வருகிற சபை இரண்டாம் தடவை அதையே உறுதிசெய்ய வேண்டும். ஆக, 1823 தேர்தல் முழுக்க யூத மசோதாத் தேர்தல் ஆகிவிட்டது. கென்னடியின் மாவட்டத்தில் பெஞ்சமின் காலோவே என்பவர் தன் அணிக்குக் கிறிஸ்தவ அணி என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்படியானால் கென்னடி அணி என்ன அணி? யூத அணியாம்! ஒரு யூதர்கூட இல்லாத மாவட்டத்தில் யூத அணி என்று பட்டம். காலோவே அச்சடித்து விநியோகித்த துண்டறிக்கையில் யூத மதத்தோடு வேறு சில கொள்கைகளையும் சேர்த்துக் கிறிஸ்தவத்துக்கு ஆபத்து என்று பட்டியல் போட்டிருந்தார். கென்னடி படுதோல்வி அடைந்தார். அவர் மட்டுமல்ல, மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்ட 40 பேரில் 16 பேர்தான் திரும்பி வந்தார்கள். புதிய சபை மசோதாவை உறுதிசெய்யவில்லை. எல்லாம் பழையபடி ஆரம்பத்துக்கு வந்துவிட்டது.

அதே 1823-இல் பால்டிமோரில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தன்னார்வப் படைப்பிரிவு வீரர்கள் தங்கள் கேப்டனாக பெஞ்சமின் கோஹன் என்ற யூதரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரால் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட முடியாது. சரி, வேறு ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்றால் வீரர்கள் மறுத்துவிட்டார்கள். கேப்டன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். ஓட்டுப் பெட்டியில் மக்கள் செய்ததும் இதுவும் ஒரே வருடத்தில் நடந்தவை. ஒரு நாட்டு மக்கள் நல்லவர்கள், கெட்டவர்கள் என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிற விடைத்தாளுக்கு நான் இப்போதெல்லாம் முழு மதிப்பெண் தரமாட்டேன்.

1824 தேர்தலில் கென்னடி சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வந்ததும் முதல் வேலையாக மசோதாவை மறுபடியும் கொண்டுவந்தார். 1825 பிப்ரவரி 26, கூட்டத்தொடரின் கடைசி நாள். 80 உறுப்பினர்களில் 51 பேர்தான் சபையில் இருந்தார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். 26-க்கு 25. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. 1797-இல் எந்தக் கூட்டத்தொடர் முடிவு மனுவை விழுங்கியதோ, 28 ஆண்டு கழித்து அதே மாதிரி ஒரு கடைசி நாள் அதைக் காப்பாற்றியது. அடுத்த சபை 1826 ஜனவரி 5-இல் 45-க்கு 32 என்று உறுதிசெய்தது. அந்த ஆண்டே பால்டிமோர் நகரசபைத் தேர்தலில் சாலமன் எட்டிங்கும் ஜேக்கப் கோஹனும் ஜெயித்து உள்ளே போனார்கள். மனுக் கொடுத்தபோது எட்டிங்குக்கு வயது 33. உள்ளே போனபோது 62.

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த 1826 சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். மத உறுதிமொழியையே எடுத்துவிட்டார்களா என்றால் இல்லை. யூத மதத்தைச் சேர்ந்த குடிமகன் பதவி ஏற்கும்போது, கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பதிலாக, மறுமையில் நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் உண்டு என்று நம்புவதாகக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். சட்டத்தின் பெயரே மேரிலாந்து யூதர்களுக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம். பெயர் சொன்னவருக்குக் கதவு திறந்தது. பெயர் சொல்லாதவர் வெளியிலேயே நின்றார். ஒரு முஸ்லிம் வந்திருந்தால்? நம் ஊரிலிருந்து ஒருவர் அன்றைக்குப் பால்டிமோர் போய்க் குடியேறியிருந்தால்? கடவுளே இல்லை என்பவர்? மூவருக்கும் இடமில்லை. கென்னடி எல்லாருக்கும் பொதுவாகவே கேட்கத்தான் ஆசைப்பட்டிருப்பார் என்று அவர் பேச்சைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆனால் ஒரு ஓட்டில் தொங்குகிற மசோதாவில் அதையும் சேர்த்திருந்தால் அதுவும் போயிருக்கும், இதுவும் போயிருக்கும்.

1867-இல் எழுதிய புதிய அரசியலமைப்பில், கடவுள் இருக்கிறார் என்று அறிக்கையிட்டால் போதும் என்று வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அதற்கும் வெளியே நின்றவர் ராய் டோர்காசோ. மேரிலாந்தில் நோட்டரியாக நியமனம் ஆனவர். நோட்டரி என்றால் தெரியுமே, பத்திரத்தில் சீல் வைக்கிற வேலை. அதற்காகக் கடவுள் இருக்கிறார் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1961-இல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மாநிலமும் மதப் பரிசோதனை வைக்க முடியாது. அதாவது நான் 1787 என்று சொல்லிக்கொடுத்த விஷயம் மேரிலாந்தில் முழுதாக நடைமுறைக்கு வந்தது 1961-இல். எனக்கு 174 ஆண்டுகள் பிசகிவிட்டது. (அந்த வாசகம் இன்னும் மேரிலாந்து அரசியலமைப்பில் அச்சில் இருக்கிறது, செல்லாது என்பதுதான் வித்தியாசம்.)

இப்போது மாணவியின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜியா.

அம்மா, நீ குடியிருக்கிற மாரியட்டாவிலேயே 1915-இல் லியோ ஃபிராங்க் என்ற யூதரை ஒரு கும்பல் சிறையிலிருந்து கடத்திவந்து மரத்தில் தொங்கவிட்டது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று மனம் கேளாமல் ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்தார். கும்பலுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மாநிலத்தில் இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெறுப்பை வரையறுக்காமல் சட்டம் போட முடியாதா என்றாய். ஜார்ஜியாவே அதைச் செய்து பார்த்தது. 2000-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பாரபட்சத்தாலோ வெறுப்பாலோ ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை. எந்த மதம், எந்த இனம் என்று எதையும் சொல்லவில்லை. சட்டமன்றத்தில் ஒப்புதல் கிடைப்பதற்காக அப்படிப் பொதுவாக விட்டார்கள். 2004-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. எதிரணியின் தொப்பி போட்டிருக்கிறான் என்று ஒரு விளையாட்டு ரசிகன் இன்னொருவனை மிரட்டினால் அதுவும் இதில் வந்துவிடுமே, இவ்வளவு தெளிவில்லாத சட்டம் செல்லாது என்றார்கள். அதன்பிறகு 16 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் இப்படி ஒரு சட்டமே இல்லை. அமாட் ஆர்பரி என்ற கறுப்பின இளைஞர் ஓட்டப்பயிற்சியின்போது துரத்திக் கொல்லப்பட்ட பிறகு, 2020-இல்தான், இனம், நிறம், மதம் என்று பெயர் சொல்லிப் புதிய சட்டம் வந்தது. ஆகவே பெயர் சொல்லாத சட்டம் யாரையும் காப்பாற்றாது என்பது அனுபவத்தில் கண்டது.

2023 பிப்ரவரியில் எஸ்தர் பானிச் என்ற சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் யூத வெறுப்புத் துண்டறிக்கை கிடந்தது. அன்றைக்கு ஜார்ஜியா சட்டமன்றத்தில் இருந்த ஒரே யூதர் அவர்தான். ஜூனில் மேக்கன் நகரில் ஒரு யூத ஜெபாலயத்தின் எதிரே நாஜி ஆதரவாளர்கள் உருவபொம்மையைத் தொங்கவிட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்காரரான பானிச்சும் குடியரசுக் கட்சியின் ஜான் கார்சனும் சேர்ந்து ஆதரித்த மசோதா அந்த ஆண்டு நிறைவேறாமல், 2024 ஜனவரியில் நிறைவேறியது. கீழவையில் 129-க்கு 5. மேலவையில் 44-க்கு 6. கென்னடியின் 26-க்கு 25-ஐ நினைத்துக்கொண்டேன்.

சட்டம் சொல்வது இதுதான். பாரபட்சம் பற்றிய சட்டங்களையோ வெறுப்புக் குற்றச் சட்டத்தையோ அமல்படுத்தும்போது, ஒரு செயலின் நோக்கம் யூத வெறுப்பா என்று பார்க்க, சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016-இல் ஏற்ற வரையறையை மாநில அரசு அமைப்புகள் கருத்தில் கொள்ள வேண்டும். பேச்சுரிமைக்குக் குறைவு வராது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வரையறையை நான் தேடிப் படித்தேன். யூதர்களைப் பற்றிய ஒருவகைப் பார்வை, அது வெறுப்பாக வெளிப்படலாம் என்று ஆரம்பிக்கிறது. இதை ஒரு மாணவன் எழுதியிருந்தால், என்ன பார்வை என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருப்பேன். அந்தத் தெளிவின்மையை ஈடுகட்ட 11 உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் இஸ்ரேலைப் பற்றியவை. உன் மகள் கல்லூரியில் சண்டை நடப்பது அங்கேதான். மற்ற எந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் எது அப்படிப்பட்ட விமர்சனம், எது அதைத் தாண்டியது என்று முடிவு செய்யப்போவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கும் பிள்ளைகளின் பயம் அதுதான்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பெரிய சாட்சி கென்னத் ஸ்டெர்ன். இந்த வரையறையின் முதல் வடிவத்தை 2004, 2005 வாக்கில் எழுதியதில் முக்கியப் பங்கு அவருடையது. அவரும் யூதர்தான். ஐரோப்பாவில் நடக்கும் சம்பவங்களை ஒரே அளவுகோலில் எண்ணிப் பதிவு செய்வதற்காக எழுதியது அது, கல்லூரியில் யார் என்ன பேசலாம் என்று தீர்மானிக்க எழுதியது இல்லை என்று அவரே பல தடவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எழுதியவரே எடுக்காதே என்கிற இடத்துக்கு அளவுகோலை எடுத்துப்போனால் யோசிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் நான் எந்தப் பக்கம்? பானிச் வாசலில் கிடந்த காகிதத்தை நினைத்தால் அவர் கேட்டதில் தவறு இல்லை என்று தோன்றுகிறது. சட்டத்துக்குப் பெயர் தேவை, அதை 2004 தீர்ப்பே காட்டிவிட்டது. ஆனால் எழுதியவரே தயங்கும் ஒரு வாசகத்தைச் சட்டப் புத்தகத்துக்குள் அப்படியே எடுத்து ஒட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. கையை ஓங்கியது, வேலை மறுத்தது, வீடு மறுத்தது, மிரட்டியது என்று செயலைச் சொல்லி எழுதியிருக்கலாம். ஒரு நாட்டைப் பற்றிய கருத்தை உதாரணப் பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டாம். இது என் கருத்து. உன் மகள் மறுத்தால் கமென்டில் எழுதச் சொல், ஆங்கிலத்தில் எழுதினாலும் படிப்பேன். மற்ற பிள்ளைகளும் எழுதலாம். ஒரே நிபந்தனை, யாரும் யாரையும் ஏசக்கூடாது. வகுப்பில் இருந்த விதிதான்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. கென்னடி 1832-இல் காலரா பரவியபோது இறந்துபோனார். ஹேகர்ஸ்டவுனில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பிற்காலத்தில் யூதர்கள் பணம் போட்டு அங்கே அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். 2003 செட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவாயே தம்பி, நீ இப்போது மேரிலாந்தில் பிரெடெரிக்கில்தானே இருக்கிறாய்? மேப்பில் பார்த்தேன், உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் போய் எடு.